பேசாப் பிள்ளை, எண் ஒன்று

குழந்தைகள் எப்படிப் பேசக் கற்றுக்கொள்கின்றன என்பது கொழும்பில் ஐந்து பேருக்குத் தெரியாமல் இருந்தது. தெரியாதவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். அவர்கள் பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் இந்த ஐவரும் பெரிய மனிதர்கள். பெரிய மனிதர்களுக்கு ஒரு விஷயம் தெரியவில்லை என்றால் அதற்கு ஒரு சபை வைத்தாகவேண்டும். சபைக்கு முத்திரை வேண்டும். முத்திரையைக் குத்த ஒரு குமாஸ்தா வேண்டும். அப்படியாக ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் 'தோட்டக் குழந்தைகள் பேச்சு விருத்தி விசாரணைச் சபை' உண்டாயிற்று.

சபைக்குப் பிள்ளையார் சுழி போட்டவள் ஒரு துரைசாணி. கொழும்பு வெயிலுக்குத் தப்பி நுவரெலியாவுக்கு வந்த இடத்தில் ஏதோ ஒரு தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவை அவள் எட்டிப் பார்த்தாளாம். தேயிலைக் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும் தாய்மார் பகல் முழுக்கப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் அறைக்குத்தான் அந்தப் பெயர். உள்ளே இருந்த முப்பது பிள்ளைகளையும் அவள் இங்கிலீஷில் சுகம் விசாரித்தாளாம். ஒன்றாவது வாய் திறக்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பேச்சு வரத் தாமதமாகிறது, இது சாம்ராஜ்யத்துக்கு நல்லதல்ல என்று அன்றைக்கே கடிதம் எழுதிவிட்டாள்.

கந்தப்பளைக்கு மேலே நரிப்பாறைத் தோட்டத்தில் இருந்த சண்முகவடிவுக்கு இதெல்லாம் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். மகள் பூரணியின் காதில் சீழ் வடிகிறது.

பூரணிக்கு மூன்று வயது முடியப்போகிறது. இரண்டு வயதில் அவள் வாய் ஓயாது. விடியற்காலம் பெரட்டுக்குத் தப்புப் பறை அடிக்கும். ஆட்களெல்லாம் எழுந்து களத்தில் போய்ப் பெயர் கொடுக்கவேண்டும் என்பதற்கான அடி அது. அந்தச் சத்தத்துக்கே விழித்து, "அம்மா மலைக்கி வாணாம்" என்று காலைக் கட்டிக்கொள்வாள். கார்த்திகை மழையில் சளி பிடித்தது. காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போன பிறகும் காதுச் சீழ் போகவில்லை. முதலில் இடது காது, பிறகு வலது. தை மாதம் ஒரு விடியலில் தொழிலாளர் லயத்துத் தகரக் கூரை அதிரத் தப்பு அடித்தது. பூரணி விழிக்கவில்லை. சண்முகவடிவு பிள்ளையின் தலைமாட்டில் தகரக் குவளையைத் தட்டிப் பார்த்தாள். பிள்ளை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. 

அதற்குப் பிறகு சொற்கள் போகத் தொடங்கின. முதலில் 'வாணாம்' போயிற்று. அடுத்த வாரம் பூனையைக் காட்டிச் சொல்வதை மறந்தாள். 'அப்பா' தேய்ந்து 'ப்பா' ஆகி, பிறகு வெறும் மூச்சாயிற்று. வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் ஒவ்வொருவராகச் சொல்லாமல் புறப்பட்டுப் போவதைப் பார்ப்பதுபோலச் சண்முகவடிவு பார்த்துக்கொண்டிருந்தாள். பூண்டு காய்ச்சிய எண்ணெய் விட்டாள். மருந்துக்காம்பரா ஐயா வயிற்றுவலிக்கும் நெஞ்சுவலிக்கும் கொடுக்கிற அதே சிவப்புத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, மனசாட்சி உள்ளவராகையால் உண்மையையும் சொன்னார்.

"இது நம்ம கையில இல்ல புள்ள. காதுக்குப் படிச்ச டாக்டரு பாக்கணும். வெரசாப் பாக்கணும். தொரகிட்டத் துண்டு வாங்கிட்டு ஆஸ்பத்திரிக்கிப் போ."

துரை கையெழுத்துப் போட்ட துண்டுக் காகிதம் இல்லாமல் தோட்டத்து ஆள் ஆஸ்பத்திரிப் படி ஏறமுடியாது. துரையோ கொழுந்து மும்முரம் தணியட்டும் என்றார். கொழுந்து தணியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் பெரட்டுக் களத்தில், தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா அறிவித்தார். "கொழும்புல இருந்து பெரிய தொரமாரு அஞ்சு பேரு வாராங்க. புள்ளைங்க பேச்ச ஆராய்ச்சி பண்றாங்களாம். அதுல ஒருத்தரு டாக்டரு. சீமையில காதுக்குன்னே படிச்சவராம்."

கடைசி வார்த்தைக்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் சண்முகவடிவின் மனசில் ஏறவில்லை. அன்று மாலை புருஷன் செல்லசாமியிடம் சொன்னாள். அவன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "வாராங்க, போவாங்க. ரொம்ப நம்பிக்கிட்டு இருக்காத வடிவு" என்றான்.

"காதுக்குப் படிச்சவருங்க. காதப் பாக்காமயா போவாரு?"

அவன் கத்தியைத் திருப்பி மறுபக்கம் தீட்டத் தொடங்கினான். 

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் பார்வையிட வந்தாலும் ஆட்களைப் பார்த்து, "உங்களுக்கு என்ன குறை?" என்று கேட்பார்கள். சொல்லவேண்டிய பதிலைப் பெரிய கங்காணி கந்தப்பன் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துவிடுவார். "ஒரு கொறையும் இல்லீங்க தொர." இருபது வருஷமாக அந்தப் பதில் பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இந்த முறை வருகிறவர்கள் பிள்ளைகளோடுதான் பேசப்போகிறார்கள் என்று கேட்டதும் கந்தப்பனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு அவர் தமக்குத் தெரிந்ததைச் செய்தார்.

எட்டு நாள், மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்ததும், பிள்ளைக்காம்பராவில் முப்பது பிள்ளைகளையும் வரிசையாக உட்காரவைத்துப் பாடம் நடந்தது. "உனக்கு என்ன குறை?" என்று துரைபோலக் கேட்டுவிட்டு, "கொற இல்லீங்க தொர" என்பார் கந்தப்பன். பல் முளைத்ததும் முளைக்காததுமாக முப்பது வாய்கள் திரும்பச் சொல்லும். ஒன்றரை வயதுப் பிள்ளை ஒன்று 'அம்மா' சொல்லுமுன் இதைச் சொல்லிவிட்டது. அதன் தாய் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பூரணி மட்டும் சொல்லவில்லை. வரிசையைக் கெடுக்கிறாள் என்று அவளைக் கந்தப்பன் தூக்கித் தம் பக்கத்தில், மற்றப் பிள்ளைகளுக்கு எதிர்முகமாக உட்காரவைத்தார். அவள் எட்டு நாளும் சும்மா உட்கார்ந்து எல்லார் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கங்காணியாரே, அந்த டாக்டரு தொரகிட்ட எம்மக காதப் பத்தி ஒரு வார்த்த சொல்லிக்கிறேன்" என்றாள் சண்முகவடிவு.

"அவங்க பேச்சப் பாக்க வாராங்க. பேச்சு வாயில இருக்கு. நீ எதுக்குக் காத நீட்டுற?"

"காது கேட்டாத்தான கங்காணியாரே பேச்சு வரும்."

"இது ஒனக்குத் தெரிஞ்சிருக்கு, அவங்களுக்குத் தெரியாமயா சபை வச்சிருக்காங்க? வாய மூடிக்கிட்டு நில்லு."

மாசி மாதம் சபை நானுஓயாவில் ரயிலைவிட்டு இறங்கி, மூன்று மோட்டார் வண்டிகளில் வந்து சேர்ந்தது. தலைவர் துரை, கடிதம் எழுதிய துரைசாணி, காது டொக்டர் ஆகிய மூவரும் பிள்ளைக்காம்பராவுக்கு வந்தார்கள். மற்ற இருவர் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் தென்பட்டார்கள். மொழிபெயர்க்க முத்துலிங்கம் என்று யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா ஒருவர் வந்திருந்தார். நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அன்று முழுவதும் கையிலேயே வைத்திருந்த மனிதர்.

தலைவர் துரை பேசினார். முத்துலிங்கம் அதைச் சுத்தத் தமிழில் பின்னாலேயே இறக்கினார்.

"தாய்மார்களே, எங்கள் சபை குழந்தைகளை நேசிக்கிறது. குழந்தைகளை எவ்வாறு நேசிப்பது என்பது குறித்து நாங்கள் நான்கு கூட்டங்கள் நடத்தியிருக்கிறோம். தாயின் பேச்சே குழந்தையின் முதல் உணவு. ஒரு தாய் நாளொன்றுக்கு ஆறு மணிநேரம் தன் பிள்ளையுடன் பேசவேண்டும் என்பது எங்கள் கொள்கை. அதேவேளை, கொழுந்து எடுக்கும் நேரத்தில் ஒரு நிமிஷமும் குறையக்கூடாது என்பதும் எங்கள் கொள்கை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது என்று சிலர் கூறுவர். அவர்கள் எங்கள் சபையில் இல்லை."

கந்தப்பன் கைதட்டினார். அதைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள்.

பிறகு பரீட்சை. துரைசாணி ஒவ்வொரு பிள்ளைக்கும் படம் காட்டி இது என்ன என்று கேட்டாள். பியானோப் பெட்டி ஒரு படம். பனிக்கட்டியில் சறுக்கும் பையன் ஒரு படம். முதல் பிள்ளை பியானோவைப் பார்த்து, "கொற இல்லீங்க தொர" என்றது. இரண்டாவது பிள்ளை பனியில் சறுக்குபவனைப் பார்த்து அதையே சொன்னது. மூன்றாவது பிள்ளை படம் காட்டும் முன்பே சொல்லிவிட்டது. இருபத்தொன்பது பிள்ளைகளும் சொல்லி முடித்தபோது தலைவர் துரை கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"குழந்தையின் முதல் வாக்கியம் அதன் ஆத்மாவின் கண்ணாடி" என்றார். "பல நாடுகளில் குழந்தையின் முதல் வாக்கியம் ஏதாவது ஒன்றைக் கேட்பதாக இருக்கிறது. இந்த மலையில் மட்டும்தான் அது நன்றி சொல்வதாக இருக்கிறது."

முப்பதாவது பூரணி. துரைசாணி இரண்டு படத்தையும் காட்டினாள். பூரணி படத்தை விட்டுவிட்டு அவள் வாயையே பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. துரைசாணியின் முகம் மலர்ந்துபோயிற்று. பதினொரு தோட்டம் அலைந்தும் சுத்தமாகப் பேசாத பிள்ளை ஒன்றுகூடச் சபைக்கு அகப்பட்டிருக்கவில்லை. பேசாத பிள்ளை இல்லாமல் பேச்சு விருத்தி எப்படிச் செய்வது? அங்கேயே, அப்போதே, பெரிய புத்தகத்தில் 'பேசாப் பிள்ளை, எண் ஒன்று' என்று எழுதி முத்திரை குத்தினார்கள்.

சண்முகவடிவு கந்தப்பனின் முழங்கையைத் தாண்டி முன்னால் வந்தாள். பிள்ளையை டொக்டருக்கு முன்னால் தூக்கிப் பிடித்தாள். "ஐயா, இவ பேசுன புள்ளைங்க. காதுல சீவு கட்டிக் கேக்காமப் போயிருச்சு. ஒரு தடவ காதப் பாருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

முத்துலிங்கம் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். டொக்டர் கெட்டவர் அல்ல. அவர் ஓரடி முன்னால்கூட வந்தார். பிறகு நின்று, மெதுவான குரலில் சொன்னார். முத்துலிங்கம் குடையைப் பார்த்துக்கொண்டே அதைத் தமிழாக்கினார்.

"டொக்டர் இந்தச் சபையில் காரியதரிசியாக இருக்கிறார். காது சபையின் விசாரணைக்குள் அடங்காது. அவர் காதைப் பார்த்தால் அது வைத்தியமாகிவிடும். வைத்தியம் செய்த பிள்ளை ஆராய்ச்சிக்கு ஆகாது. இதற்காக அவர் மிகவும் வருந்துகிறார்."

வருந்திய டொக்டர் தம் சட்டைப்பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை எடுத்துச் சண்முகவடிவின் கையில் கொடுத்தார். பிள்ளையின் கழுத்துவரை வழிந்திருந்ததைத் துடைத்துக்கொள்ள. அவ்வளவு தூரம் அவருக்குக் கண் தெரிந்திருந்தது.

மூன்று மாத ஆராய்ச்சி தொடங்கியது. பிள்ளைக்காம்பராவின் நடுவே குறுக்காக ஒரு கயிறு கட்டினார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் பதினைந்து பிள்ளைகள். அவர்களோடு பேசிக்கொண்டே இருக்கவேண்டும். அந்தப் பக்கம் பதினைந்து பிள்ளைகள். அவர்களோடு யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. மூன்றாம் மாத முடிவில் எந்தப் பக்கம் அதிகம் பேசுகிறது என்று பார்ப்பார்கள். பூரணி பேசும் பக்கத்தில், முதல் இடத்தில். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா வீரம்மா சட்டத்தை முழுதும் கேட்டுவிட்டு முத்துலிங்கத்திடம் ஒரு சந்தேகம் கேட்டாள்.

"அந்தப் பக்கத்துப் புள்ளைக்கி மூக்கு ஒழுகுனா, சிந்துன்னு சொல்லலாமா, சொல்லாமச் சிந்திவிடணுமா? அத எழுதி வாங்கிக் குடுத்துருங்கய்யா. பெறகு என்னயக் கேக்கக்கூடாது."

கொழும்புக்கு எழுதிக் கேட்டார்கள். சொல்லாமல் சிந்தவும் என்று பதில் வந்தது.

கவனித்து எழுத முத்துலிங்கத்தைத் தோட்டத்திலேயே விட்டுப் போயிருந்தார்கள். அவரிடம் பாரம் என்ற அச்சடித்த படிவம் ஒன்று இருந்தது. 'இன்று புதிதாக வந்த சொற்கள்' என்று அதில் ஒரு பத்தி. பூரணியின் பெயருக்கு நேரே தினமும் 'இல்லை' என்று எழுதுவார்.

ஒருநாள் பிள்ளையை விடவந்த சண்முகவடிவு அவரிடம் சொன்னாள். "நேத்து வரைக்கும் 'நெலா'ன்னு சொன்னாங்கய்யா. இன்னிக்கி அதுவும் இல்ல. எழுதிக்கிருங்க."

முத்துலிங்கம் பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வந்த சொல்லுக்குத்தான் இதிலை இடம் இருக்கு, பிள்ளை. போன சொல்லுக்கு இல்லை."

"அப்ப அது எங்கதாங்க எழுதுறது?"

அந்த மனிதர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். அதற்குமேல் அவரால் முடிந்தது ஒன்றுமில்லை.

ஆறு மணிநேரத் தாய்ப்பேச்சுக்கும் சபை ஒரு வழி கண்டுபிடித்தது. பிள்ளைக்காம்பராவுக்கு நேர் எதிரே எட்டாம் நம்பர் மலை. பேசும் பக்கத்துப் பிள்ளைகளின் தாய்மாரை அந்த மலையிலேயே நிறுத்தவேண்டியது. காலை பத்து மணிக்குக் கங்காணி கொம்பு ஊதவேண்டியது. தாய்மார் கொழுந்தெடுத்தபடியே பிள்ளைகளை நோக்கி உரத்துப் பேசவேண்டியது. ஆறு மணிநேரம் கால்மணியாகச் சுருங்கியதைத் தலைவர் துரை, "அளவல்ல, அன்பே முக்கியம்" என்று கடிதத்தில் விளக்கியிருந்தார்.

முதல் நாள் கொம்பு ஊதியதும் பதினைந்து பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பேசுங்கடி" என்றார் கந்தப்பன். "கையி நிக்கக்கூடாது. கையி கொழுந்துல, வாயி புள்ளைல."

ஒருத்தி, "சாப்புட்டியா கண்ணு" என்று கத்தினாள். இன்னொருத்தி, "ஈரத்துல நிக்காத சாமி" என்றாள். பிறகு எல்லாரும் கத்தினார்கள். பனிமூட்டத்துக்குள் மலை முழுக்கத் தாய்மார் குரல். எந்தக் குரல் யாருடையது என்று தெரியாமல் கீழே பிள்ளைகள் வாசலுக்கு ஓடிவந்து, பேசிய மலையைப் பார்த்து ஓவென்று அழுதன. பேசாத பக்கத்துப் பிள்ளைகளும் கயிற்றுக்கு அடியில் நுழைந்துவந்து சேர்ந்து அழுதன. 'பிள்ளைகளிடம் உற்சாகம் காணப்பட்டது' என்று அன்றைய பாரத்தில் எழுதவேண்டி வந்தது; அழுகைக்கும் அதில் பத்தி இல்லை.

சண்முகவடிவு தொண்டை கிழியக் கத்தினாள். "பூரணி, அம்மா இங்க இருக்கேன். இந்தா இங்க." பூரணி மலைப்பக்கம் திரும்பவே இல்லை. அழுகிற பிள்ளைகளின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். இவர்களெல்லாம் ஏன் அழுகிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை.

மூன்றாம் நாள் சண்முகவடிவு கத்தவில்லை. மூட்டம் விலகியிருந்தது. தலையில் போட்டிருந்த கம்பளியை உருவி இரண்டு கையாலும் தூக்கி ஆட்டினாள். கீழே பூரணி நிமிர்ந்தாள். தாயைக் கண்டுகொண்டாள். சிரித்துக்கொண்டு தன் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். சண்முகவடிவு வலது கையை வாய்க்குக் கொண்டுபோய், தின்றாயா என்று கேட்டாள். பூரணி வயிற்றைத் தட்டிக் காட்டினாள். இரண்டு மாதமாகப் பிள்ளையிடம் ஒரு பதிலும் வாங்காத தாய் அன்றைக்கு ஒரு பதில் வாங்கினாள். கொழுந்துக் கூடையோடு அந்தச் சரிவில் நின்று அவள் சந்தோஷத்தில் அழுதாள்.

"ஏ வடிவு, என்னா பண்ற? இது பேச்சில்ல" என்று கந்தப்பன் ஓடிவந்தார்.

முத்துலிங்கம் நடந்ததை உள்ளபடி எழுதி அனுப்பினார். நல்ல செய்தி என்று நினைத்துத்தான் அனுப்பினார். பத்தாம் நாள் சபையிலிருந்து புதிய விதி வந்தது. கையால் கேட்பதும் கையால் சொல்வதும் பிள்ளையின் வாயைச் சோம்பேறியாக்கும். எண் ஒன்று விஷயத்தில் தாயோ ஆயாவோ கை அசைக்கக்கூடாது. அன்றுமுதல் பத்து மணிக்குக் கொம்பு ஊதினால் பூரணி மலையைப் பார்த்துக் கையைத் தூக்குவாள். சண்முகவடிவு குனிந்து கொழுந்தைப் பிடுங்குவாள். நாலைந்து நாள் தூக்கிப் பார்த்துவிட்டுப் பிள்ளையும் விட்டுவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சண்முகவடிவு துரையின் ஆபீஸ் வாசலில் போய் நின்றாள். "சீவு நாத்தம் அடிக்கிதுங்க. ராவெல்லாம் தலையப் புடிச்சிக்கிட்டு அழுகுது. துண்டு குடுங்க, ஒரு நாளயில போயிட்டு வந்துருவேன்."

துரை இரக்கப்பட்டார். ஆனால் பிள்ளை இப்போது சபையின் புத்தகத்தில் இருக்கிறது. சபையைக் கேட்காமல் அனுப்பமுடியாது. கடிதம் போயிற்று. ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. எண் ஒன்று ஒரு நாள் அகன்றாலும் ஆராய்ச்சி அறுந்துபோகும் என்றும், ஆராய்ச்சி முடியும்வரை காதை இருக்கும் நிலையிலேயே வைத்திருக்கவும் என்றும் அதில் எழுதியிருந்தது. ஐந்து வாரத்தில் காது எந்த நிலையில் இருந்ததோ அதைவிட்டு எவ்வளவோ தூரம் போயிருந்தது. அதற்குக் கடிதம் படிக்கத் தெரியவில்லை.

வீரம்மா நாள் முழுக்கப் பூரணிக்கு எதிரே உட்கார்ந்து பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கொண்டாள். மழையைப் பற்றிப் பேசினாள், மாட்டைப் பற்றிப் பேசினாள், ஒன்றும் இல்லாதபோது தன் மாமியாரைப் பற்றிப் பேசினாள். கயிற்றுக்கு அந்தப் பக்கத்துப் பதினைந்தும் வேறு வேலை இல்லாமல் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தன. ஆனிமாதம் பிறப்பதற்குள் அந்தப் பதினைந்தும் வீரம்மாவின் மாமியாரை வீரம்மா ஏசுகிற மாதிரியே ஏசக் கற்றுக்கொண்டன. பூரணியிடம் மிச்சம் இருந்த ஒரே சொல் 'ம்மா'. வைகாசிக் கடைசியில் அதுவும் நின்றது. எந்த நாளில் நின்றது என்று சண்முகவடிவுக்குத் தெரியும். ஒரு புதன்கிழமை.

ஆனிமாதம் சபை திரும்பி வந்தது. கந்தப்பன் முன்போலவே எட்டு நாள் பாடம் நடத்தியிருந்தார். பூரணி முன்போலவே எதிர்முகமாக உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்காம்பராவில் தாய்மாரை வரிசையாக நிற்கவைத்துத் தலைவர் துரை முடிவை அறிவித்தார்.

"எங்கள் ஆராய்ச்சி உலகத்துக்கே ஒரு புதிய உண்மையைக் கண்டிருக்கிறது. யாரும் பேசாத குழந்தைகள் அழகாகப் பேசுகின்றன. எல்லாரையும்விட அதிகமாகப் பேசப்பட்ட எண் ஒன்று, தனக்கு இருந்த சில சொற்களையும் இழந்துவிட்டது. ஆகவே தாய்ப்பேச்சு குழந்தையின் பேச்சுக்குத் தீங்கு என்று தெளிவாகிறது. தாய்மார் பிள்ளைகளோடு இயன்றவரை பேசாதிருப்பதே நலம். இதற்காக வேலைநேரத்தை மாற்றவேண்டிய அவசியம் எதுவும் இல்லை என்று அறிய, தோட்டத் துரைமார் மகிழ்வார்கள். ஒரு துக்கமான விஷயத்தையும் நான் சொல்லியாகவேண்டும். எண் ஒன்றின் தாய், அளவுக்கு மீறிய பாசத்தால், தானே தன் பிள்ளையின் பேச்சை அழித்துவிட்டாள். நாங்கள் அவளைக் குற்றம் சொல்லவில்லை. மன்னிக்கிறோம்."

முத்துலிங்கத்தின் குரல் கடைசி இரண்டு வாக்கியத்தில் சரியாக எழும்பவில்லை. ஆனாலும் மொழிபெயர்த்தார். அதுதான் அவர் வேலை.

ஆராய்ச்சி முடிந்துவிட்டதால் டொக்டர் இனிக் காரியதரிசி அல்ல, டொக்டர். அவரே முன்வந்து, சின்ன விளக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு, பூரணியைத் தன் மடியில் உட்காரவைத்து இரண்டு காதையும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். விளக்கை அணைத்துவிட்டு நிமிரவில்லை.

"இரண்டு காதும் உள்ளே அழிந்துவிட்டனவாம்" என்றார் முத்துலிங்கம். "இனிக் கேட்காதாம். நாலு மாதத்துக்கு முன்னால் பார்த்திருந்தால் ஒன்றையாவது..."  டொக்டர் இன்னும் ஏதோ கேட்டார். முத்துலிங்கம் தரையைப் பார்த்தார்.

"என்னங்கய்யா கேக்குறாரு?" என்றாள் சண்முகவடிவு.

"ஏன் முந்தியே ஒரு டொக்டரிட்டைக் காட்டேல்லை எண்டு கேக்கிறார், பிள்ளை."

சண்முகவடிவின் மடியில் அந்த வெள்ளைக் கைக்குட்டை இருந்தது. எத்தனை துவைத்தும் போகாத மஞ்சள் கறையோடு இருந்தது. அதை எடுத்து விரித்து இரண்டு கையாலும் அவருக்கு நேரே பிடித்தாள். டொக்டருக்குத் தம் கைக்குட்டை அடையாளம் தெரிந்தது. அதன் மூலையில் தைத்திருந்த தம் பெயரின் எழுத்தைப் பார்த்துவிட்டு அவர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

 இப்படிப்பட்ட நேரத்தில் என்ன சொல்வது என்பது தலைவர் துரைக்கு மட்டும் எப்போதும் தெரிந்திருக்கும். அவர் சண்முகவடிவின் பக்கம் திரும்பி, தமக்குத் தெரிந்த தமிழிலேயே, கனிவாகக் கேட்டார். "உனக்கு என்ன குறை?"

கந்தப்பன் அவளைப் பார்த்தார். செல்லசாமி வாசலில் நின்று அவளைப் பார்த்தான். சண்முகவடிவுக்கு ஆறு மாதமும் ஒன்றாகத் திரண்டு தொண்டைக்கு வந்தது. துண்டு கொடுக்காத துரை, பத்தி இல்லாத பாரம், ஆட்டக்கூடாத கை, எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. வாயைத் திறந்தாள்.

அதற்குள் பூரணி தலைவர் துரையின் வாயைப் பார்த்துவிட்டாள். இந்த வாய் இப்படி அசைந்து நின்றால் இருபத்தொன்பது வாயும் என்ன செய்யும் என்று பதினாறு நாள் எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். இப்போது யாரும் செய்யவில்லை. சரி, நாம் செய்வோம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கவேண்டும். துரையை நிமிர்ந்து பார்த்துத் தன் சின்ன உதட்டை ஒவ்வோர் அசைவாக, ஒன்றும் தப்பாமல் அசைத்தாள். சத்தம் வரவில்லை. கொற. இல்லீங்க. தொர.

சத்தமில்லாத அந்தப் பேச்சு அந்த அறையில் சண்முகவடிவு ஒருத்திக்குத்தான் கேட்டது. பூரணி சரியாகச் செய்தோமா என்று தாயின் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் அசைக்க ஆரம்பித்தாள். சண்முகவடிவு பாய்ந்து பிள்ளையை மார்போடு அணைத்து, அந்த வாயைத் தன் உள்ளங்கையால் இறுகப் பொத்தினாள். அவள் சொல்ல வந்தது எல்லாம் அழுகையாகப் போய்விட்டது.

தலைவர் துரை துரைசாணியைப் பார்த்தார். துரைசாணி பெரிய புத்தகத்தைத் திறந்து, கடைசிப் பக்கத்தில் மிச்சம் இருந்த இடத்தில் எழுதி முத்திரை குத்தினாள். முத்துலிங்கம் பின்னாளில் யாரிடமும் சொல்லாமல் தன்னோடு வைத்துக்கொண்ட வரி அது:

'எண் ஒன்று பேச முயன்றபோது, தாயே அதன் வாயைப் பொத்தித் தடுத்தாள். சபையார் நேரில் கண்டனர்.'